பாட்டில் காலியானால் மருந்து முடிந்ததா?

30 மில்லி பாட்டில் ஒன்று. டாக்டர் எழுதியிருப்பது 5 மில்லி, தினம் மூன்று முறை, ஐந்து நாட்களுக்கு. பாட்டில் எத்தனை நாளைக்கு வரும்? நான்காம் வகுப்புக் கணக்குதான். இரண்டே நாள். ஐந்து நாளைக்கு 75 மில்லி வேண்டும்; அதாவது மூன்று பாட்டில்கள், மூன்றாவதில் பாதி மிச்சம். இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டாததால் எத்தனையோ குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் சிகிச்சை இரண்டாம் நாள் இரவோடு முடிந்துவிடுகிறது. காய்ச்சலும் அதற்குள் ஓரளவு இறங்கியிருக்கும். பாட்டிலும் காலி, ஜுரமும் காலி என்றால் யார்தான் மறுபடி கடைக்குப் போவார்கள்?

கோலார் தங்கவயலில் பாலகாட் என்றொரு பகுதி இருக்கிறது. கேரளத்துப் பாலக்காடு என்று படித்துவிட வேண்டாம். மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் பாலாகாட் மாவட்டமும் இல்லை. இது ஒரு பழைய தங்கச் சுரங்கக் கம்பெனியின் பெயர். கம்பெனி போய் பெயர் மட்டும் ஊருக்கு நின்றுவிட்டது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் நூறாண்டுகளுக்கு முன்பு சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் லைன் வீடுகளில் வசிக்கிறார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதோடு அந்த நிறுவனம் சாம்பியனில் நடத்திவந்த பெரிய ஆஸ்பத்திரியும் போயிற்று. 2021 மே மாதம் கொரோனா இரண்டாவது அலையின்போது, புதர் மண்டிக் கிடந்த அந்தக் கட்டடத்தைத் தன்னார்வலர்கள் சுத்தம் செய்து படுக்கைகள் போட்டது அப்போது பெரிய செய்தி. ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளியின் குழந்தைக்கு இருமல் என்றால் சீட்டும் மருந்தும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. இன்று சீட்டு ஓரிடம், மருந்து ஓரிடம். பல நேரங்களில் மருந்து மட்டும்தான்.

சுரங்கம் போன பிறகு ஊரின் பிழைப்பு ரயிலில் இருக்கிறது. மாரிக்குப்பத்தில் புறப்பட்டு பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகும் வண்டிகளில் விடியற்காலையில் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குக் கிளம்புகிறார்கள், இரவுதான் திரும்புகிறார்கள். அப்பாவும் அம்மாவும் ரயிலில். குழந்தை பாட்டியிடம். ஆக, மருந்து கொடுப்பது யார்? டாக்டர் சொன்னதைக் கேட்டவர் ஒருவர், கரண்டியைப் பிடிப்பவர் இன்னொருவர்.

ஒரு மருந்துக் கடையில் காதில் விழுந்த உரையாடல் இது.

"தம்பி, போன தபா குட்த்தியே, அதே மருந்து குடு. பாப்பாவுக்கு ஜுரம்."

"சீட்டு இருக்கா பாட்டி?"

"சீட்டு எதுக்கு? பாட்டில் கொண்டாந்திருக்கேன் பாரு."

முந்தானையில் முடிந்து கொண்டுவந்த காலி பாட்டில். வாங்கிப் பார்த்த கடைக்காரர், இது எப்போது வாங்கியது என்று கேட்டார். பாப்பாவுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது. இப்போது நான்கு வயதாகிறது. கடைக்காரர் நல்ல மனிதர். மருந்தைக் கொடுக்காமல், ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். பாட்டிக்குக் கோபம். ஆட்டோவுக்கு யார் கொடுப்பது, பெண் ரயிலிலிருந்து இறங்கவே ராத்திரி ஆகும் என்றார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. மருத்துவம் கடைக்காரர் பக்கம் இருந்தது.

காரணம் எளிமையானது. குழந்தைக்கு ஆன்டிபயாடிக் அளவை முடிவு செய்வது எடை, வயதுகூட இரண்டாம்பட்சம்தான். ஒன்பது கிலோவுக்கு எழுதிய அளவு பதினைந்து கிலோவுக்குப் போதாது. போதாத அளவு கிருமியைக் கொல்லாது, தாங்கிக்கொள்ளப் பழக்கும். அதற்கு முன்னதாக இன்னொரு கேள்வி இருக்கிறது. போன முறை வந்தது பாக்டீரியா என்றே வைத்துக்கொண்டாலும், இந்த முறை வந்திருப்பது அதுதான் என்று யார் சொன்னது?

குழந்தைகளுக்கு வரும் சளி, மூக்கொழுகல், பெரும்பாலான தொண்டை வலி, பெரும்பாலான வயிற்றுப்போக்கு, டெங்கு எல்லாமே வைரஸ் வேலை. வைரஸை ஆன்டிபயாடிக் தொடாது. சளி பச்சையாக மாறினால் பாக்டீரியா வந்துவிட்டது என்பது நம் ஊர்களில் உறுதியான நம்பிக்கை; சாதாரண ஜலதோஷத்திலும் சளி மூன்று நான்கு நாளில் நிறம் மாறத்தான் செய்யும். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மருந்தும்தான் முதல் சிகிச்சை. மலத்தில் ரத்தம் வந்தால் கதை வேறு. மறுபக்கம், நிமோனியா, டைபாய்டு, சிறுநீர்த் தொற்று, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண் போன்றவற்றுக்கு ஆன்டிபயாடிக் இல்லாமல் தீராது. அந்தத் தொண்டைப் புண்ணை அலட்சியம் செய்தால் சில குழந்தைகளுக்கு மூட்டு வீங்கி, பிறகு இதய வால்வு கெட்டுப்போகும். நெருக்கடியான வீடுகளில் வளரும் குழந்தைகளைத் தேடிப் பிடிக்கும் நோய் அது.

வீட்டில் இருப்பவர்கள் கண்ணாலேயே பார்க்கக்கூடிய ஓர் அடையாளம் நிமோனியாவுக்கு உண்டு. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். 2 மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த இந்தக் கணக்கை வைத்துத்தான் கிராமத்து சுகாதார ஊழியர்கள் வேலை செய்கிறார்கள். குழந்தை பால் குடிக்க மாட்டேன் என்றால், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்ப முடியாமல் துவண்டால் ஆட்டோ கூலியைப் பற்றி யோசிக்கக் கூடாது. 2 மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு ஜுரம் என்றாலே ஆஸ்பத்திரிதான்.

சரி, டாக்டர் பார்த்தார், ஆன்டிபயாடிக் எழுதினார். இனிமேல்தான் சமாச்சாரம் ஆரம்பமாகிறது.

குழந்தைகளுக்கான பல ஆன்டிபயாடிக்குகள் பாட்டிலில் பொடியாக வருகின்றன. கரைத்துவிட்டால் சில நாட்களில் வீரியம் போய்விடும் என்பதால் இந்த ஏற்பாடு. கொதிக்கவைத்து நன்றாக ஆறவைத்த தண்ணீர் வேண்டும். சூடாக ஊற்றினால் மருந்து கெடும். (சில கம்பெனிகள் சுத்தமான நீரையும் அதே அட்டைப் பெட்டியில் வைத்துவிடுகின்றன. லாரித் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் நம்பி வாழும் ஊர்களுக்கு அது பெரிய உபகாரம்.) முதலில் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்க்க வேண்டும். கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை நீர் ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியதும் பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கும். இப்போது கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்க வேண்டும். இந்த இரண்டாவது ஊற்றலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நீர் குறைந்தால் ஒவ்வொரு கரண்டியிலும் மருந்து கூடும், அதிகமானால் குறையும். ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் குலுக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாள் குழந்தை இனிப்புத் தண்ணீரைக் குடித்திருக்கும், கடைசி நாள் அடியில் தங்கிய மருந்தை மொத்தமாக விழுங்கும்.

கரைத்த தேதியைப் பேனாவால் லேபிளில் எழுதிவிடுவது நல்லது. அமாக்ஸிசிலின் கரைசல் பொதுவாக ஒரு வாரம்தான் தாங்கும். அதோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த வகைக்கு ஃபிரிட்ஜ் கட்டாயம்; உறைய விடவும் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அந்த மருந்தை எழுதும் டாக்டரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். அமாக்ஸிசிலினில் நீரில் போட்டால் கரையும் மாத்திரை இருக்கிறது. கரண்டி, கோடு, ஃபிரிட்ஜ் என்ற மூன்று தொல்லையும் ஒரே அடியில் தீரும். உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளின் நிமோனியாவுக்குப் பரிந்துரைப்பதும் அதைத்தான். நம் தனியார் டாக்டர்கள் சிரப்பின் மேல் ஏன் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததில்லை.

கரண்டி என்று சொன்னேன். தமிழ் படித்தவன் என்ற முறையில் இந்தச் சொல்லின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தேக்கரண்டி என்றால் 5 மில்லி, மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி என்று மொழிபெயர்ப்பாளர்கள் எழுதிவிட்டோம். எந்த வீட்டில் மேசைக்கரண்டி இருக்கிறது? இருப்பது கரண்டி, குழம்புக்கும் அதுதான், பாயசத்துக்கும் அதுதான். வீட்டு ஸ்பூன்களை வரிசையாக அளந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. கைக்குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கு இன்னும் மோசம். சங்குக்குச் சங்கு அளவு மாறும். பாட்டிலோடு வரும் அளவு மூடியோ, மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சோதான் சரி. சிரிஞ்சைக் கன்னத்தின் உட்பக்கமாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் புரையேறாது. ஒரு டம்ளர் பாலில் கலந்து கொடுப்பது உதவாது. குழந்தை பாதிப் பாலை வைத்துவிட்டால் பாதி மருந்து டம்ளரில்.

ஒரே பெயரில் வரும் மருந்தின் செறிவும் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். அமாக்ஸிசிலின் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சிசுக்களுக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். சொட்டு மருந்தை சிரப் மாதிரி மூடியில் ஊற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 125-க்குப் பதில் 500.

அடுத்தது வேளை. எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதை நாம் மூன்று வேளை என்று தமிழாக்கினோம். அழகான சொல்தான். ஆனால் நமக்கு வேளை என்பது சாப்பாட்டோடு ஒட்டியது. காலை ஒன்பது, மதியம் ஒன்று, இரவு எட்டு என்று கொடுத்தால் இரவு எட்டுக்கும் மறுநாள் ஒன்பதுக்கும் நடுவே பதின்மூன்று மணி நேரம் ரத்தத்தில் மருந்து இறங்கிக்கொண்டே போகும். அமாக்ஸிசிலின் மாதிரி மருந்துகள் ரத்தத்தில் எவ்வளவு நேரம் போதிய அளவில் நிற்கின்றன என்பதில்தான் அவற்றின் பலம். ரயிலுக்குப் போகும் வீட்டுக்கு உண்மையில் இதில் ஒரு வசதி இருக்கிறது. அம்மா கிளம்புமுன் விடியற்காலை ஐந்து மணிக்கு, பாட்டி மதியம் ஒரு மணிக்கு, திரும்பி வந்த அம்மா இரவு ஒன்பதுக்கு. கச்சிதமாக எட்டெட்டு மணி. மதியம் கொடுக்க ஆளில்லை என்றால் டாக்டரிடம் கேட்கலாம். பல நோய்களுக்கு இரண்டு வேளை முறை உண்டு. நிமோனியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வதே இரண்டு வேளை அமாக்ஸிசிலின்தான். ஒரு வேளை மறந்துபோனால் ஞாபகம் வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதோடு சரி. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

எத்தனை நாள் கொடுப்பது என்பதில் பழைய உபதேசம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. ஆரம்பித்தால் முடித்தே ஆக வேண்டும், நீண்ட நாள் கொடுத்தால் இன்னும் நல்லது என்பது நாமெல்லாம் கேட்டு வளர்ந்த பாடம். இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில் 2,000-க்கும் அதிகமான குழந்தைகளை வைத்து நடந்து 2004-இல் வெளியான ஆய்வு, கடுமையில்லாத நிமோனியாவுக்கு மூன்று நாள் அமாக்ஸிசிலினும் ஐந்து நாள் அமாக்ஸிசிலினும் ஒரே பலன் தருவதாகக் காட்டியது. இதைக் கேட்டுவிட்டு வீட்டிலேயே நாளைக் குறைக்கக் கிளம்பிவிட வேண்டாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண்ணுக்குப் பெனிசிலின் பத்து நாள்தான். இதயத்தைக் காக்க அந்தப் பத்து நாள் வேண்டும். நோய்க்கு நோய் கணக்கு வேறு. நாளைத் தீர்மானிக்கும் உரிமை பாட்டிலின் கொள்ளளவுக்குக் கிடையாது என்பதுதான் விஷயம்.

குணமானதும் மருந்தை நிறுத்திவிடும் மனித சுபாவத்தை முதலில் அளந்து பார்த்த ஊர்களில் சென்னை ஒன்று. 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியை சானடோரியத்திலும் மறுபகுதியை வீட்டிலும் வைத்து ஓராண்டு சிகிச்சை தந்தது. வீட்டுச் சிகிச்சையும் சளைத்ததில்லை என்று 1959-இல் வெளியான அந்த முடிவு உலகமெங்கும் சானடோரியங்களை மூடவைத்தது. வீட்டில் இருந்தவர்கள் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நிறையப் பேர் சாப்பிடவில்லை. எதிரில் நின்று விழுங்கவைக்கும் முறை அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்தது. தங்கவயலுக்கு இந்தச் சரித்திரம் அந்நியமில்லை. பாறைத் தூசியால் நுரையீரல் கெட்டவர்களைக் காசநோய் எளிதில் பிடிக்கும். தாத்தாவுக்குக் காசநோய் இருந்த வீட்டில் குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் மூன்றாவது ஆன்டிபயாடிக் பாட்டிலைத் தேடாமல் காசநோய்ப் பரிசோதனைக்குப் போக வேண்டும். சில ஆன்டிபயாடிக்குகள் அந்த நோயைத் தற்காலிகமாக அமுக்கி மறைத்தும் விடும்.

அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945 டிசம்பரில் நோபல் பரிசு உரையில் ஒரு கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டை வலி. தானே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவு சாப்பிடுகிறார். கிருமி சாகவில்லை, பெனிசிலினைத் தாங்கப் பழகிவிட்டது. அது அவர் மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாகிறது. பெனிசிலின் பலிக்காமல் மனைவி இறந்துபோகிறார். கதையில் வந்த தொண்டைப் புண் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்றுவரை பெனிசிலினுக்குப் பணிந்தே போகிறது என்பது வேடிக்கை. மற்றவை பணியவில்லை. டைபாய்டுக்குக் கைகண்ட மருந்தாக இருந்த குளோராம்ஃபெனிகால் 1972-இல் கோழிக்கோட்டில் தோற்றது. 2016-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் கிளம்பிய டைபாய்டு, செஃப்ட்ரியாக்ஸோனுக்கும் மசியவில்லை. கடைசிக் கட்ட மருந்துகளையும் செல்லாக்காசாக்கும் என்.டி.எம்.-1 பற்றி 2010-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. தில்லியின் பெயரை வைத்ததற்காகத் தில்லியில் கோபப்பட்டார்கள், கிருமிக்காக அவ்வளவு கோபப்பட்டதாகத் தெரியவில்லை. 2012-இல் மருத்துவர் சங்கங்கள் கூடி சென்னைப் பிரகடனத்தை உருவாக்கிய பிறகுதான் காரியம் நகர்ந்தது. 2014 மார்ச் 1 முதல் 46 மருந்துகள் எச்-1 அட்டவணைக்குள் வந்தன. செஃபிக்ஸைம் போன்றவற்றைச் சீட்டின்றி விற்கக் கூடாது. டாக்டர், நோயாளி விவரத்தைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். அமாக்ஸிசிலினும் அஸித்ரோமைசினும் பழைய எச் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றுக்கும் சீட்டு வேண்டும், பதிவேடு வேண்டாம். ஆகவே அவை தாராளமாகப் புழங்குகின்றன. சீட்டின்றி விற்கும் கடைகளைக் கேரளம் 2024-இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று சோதனை போட ஆரம்பித்தது. மற்ற மாநிலங்கள் வேடிக்கை பார்க்கின்றன.

ஆன்டிபயாடிக்கோடு கூடவே ஒரு இருமல் சிரப்பையும் வாங்கிப்போகும் வழக்கம் பற்றி ஒரு வார்த்தை. 1937-இல் அமெரிக்காவில் தொண்டைப் புண்ணுக்கு வந்த சல்ஃபா திரவ மருந்தில் டைஎத்திலீன் கிளைக்காலைக் கரைப்பானாகச் சேர்த்ததால் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அதே விஷம் 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி சிரப்பே எழுத வேண்டாம் என்று மத்திய அரசு அந்த அக்டோபரில் அறிவுறுத்தியது. நிமோனியா குழந்தைக்கும் அந்த சிரப்பால் பலன் இல்லை.

மருந்து கொடுத்ததும் உடம்பெல்லாம் தடித்து, உதடோ முகமோ வீங்கி, மூச்சு இழுத்தால் அடுத்த வேளை கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எந்த மருந்து என்பதை நிரந்தரமாக எழுதி வைத்துக்கொண்டு, பிறகு பார்க்கும் ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்ல வேண்டும். லேசாக வயிறு இளகுவது சகஜம், நிறுத்தத் தேவையில்லை. இரண்டு நாள் ஒழுங்காகக் கொடுத்தும் ஜுரமோ மூச்சோ இறங்கவில்லை என்றால் அதே டாக்டரிடம் திரும்பிப் போக வேண்டும். பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் வேறு கம்பெனி பாட்டிலுக்குப் போகக் கூடாது.

தங்கவயலில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் பேசுவார்கள். பாட்டில் மட்டும் ஆங்கிலம் பேசுகிறது, அதுவும் கடுகு எழுத்தில். டாக்டர் சீட்டில் எழுதும் பி.டி., டி.டி.எஸ். போன்றவை லத்தீன். நான்கு மொழி தெரிந்த பாட்டிக்கு மொழி போதவில்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மருந்தைக் கொடுக்கும்போதே கடைக்காரர் பாட்டிலின் முதுகில் ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டி, எத்தனை மில்லி, எந்தெந்த மணி, எந்தத் தேதி வரை என்று மூன்று எண்களைப் பெரிதாக எழுதலாம். எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். கூடவே, இது ஒரு பாட்டில் சமாச்சாரமா மூன்று பாட்டில் சமாச்சாரமா என்பதை பில் போடும் முன்பே சொல்லிவிட்டால், வியாபாரத்துக்கும் நஷ்டமில்லை.